புழுதியில் விதைத்த வசனம்



இரண்டு வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து நான் கோயில் வாசலில் நின்றபோது, ஒரு தாயார் மற்றவர்கள் எல்லாரும் நகரும்வரை காத்திருந்து ஒரு சந்தேகம் கேட்டார்கள். "சாமி, நீங்கள் சொன்ன நாள் முதல் தினமும் இராத்திரி செபமாலைக்குப் பிறகு அன்றைய வாசகத்தை வீட்டில் வாசித்து வருகிறோம். மகன் வாசிப்பான், நாங்கள் கேட்போம். கேட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவோம். வருஷம் ஒன்று ஆகப் போகிறது. வீட்டில் எதுவும் மாறினதாகத் தெரியவில்லை. அவர் முன்போலவே கோபப்படுகிறார். நானும் முன்போலவே எதிர்த்துப் பேசுகிறேன். இதை நிறுத்திவிட்டால் பாவமா?"

பாவம் இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாட்களிலும் முழுப் பூசை காணவேண்டும் என்பது திருச்சபையின் கட்டளை. வீட்டில் தினமும் வேதாகமம் வாசிக்க வேண்டும் என்பது அத்தகைய கட்டளை அல்ல. ஆனால் அந்தத் தாயார் கேட்டது பாவத்தைப் பற்றி அல்ல என்று வீட்டுக்குத் திரும்பிய பிறகே எனக்கு உறைத்தது. ஆண்டவருடைய வசனத்தைக் கேட்ட வீட்டில் ஏதாவது நடக்க வேண்டாமா என்பதல்லவா அவர்கள் கேள்வி? நடக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்களே, அதுவே பெரிய காரியம். நம்மில் பலர் அந்த எதிர்பார்ப்பையே விட்டுவிட்டோம். விடிகாலை ஐந்து மணிக்கே செல்போனில் ரோஜாப்பூப் படத்தின்மேல் ஒரு வசனம் வந்து நிற்கிறது. பதிலுக்குக் கூப்பிய கை ஒன்றை அனுப்புகிறோம். இன்னும் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோம். அத்தோடு அன்றைய வசனத்தின் வேலை முடிந்தது. நாம் யாரோடு பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறோமோ அவருக்கும் அந்த வசனம் போய்ச் சேருகிறது. பேச்சு மட்டும் போவதில்லை.

ஆகையால் அந்தத் தாயாருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இந்த வாரம் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

மானாவாரிக்காரருக்கு ஓர் அதிகாரம்

உபாகமம் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நம் வீடுகளில் இப்போது இருக்கும் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் இந்த ஆகமத்துக்கு இணைச்சட்டம் என்று பெயர். பெரியவர்கள் பழைய பெயரைத் தேடித் திகைக்க வேண்டாம். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்த ஜனங்கள், இனி வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் போக வேண்டியதுதான் என்ற நிலையில் யோர்தானுக்கு இக்கரையில் நிற்கிறார்கள். அந்த நாடு எப்படிப்பட்டது என்று மோயீசன் அவர்களுக்கு விவரிக்கிறார். நீங்கள் விட்டுவந்த எகிப்தைப் போன்றதல்ல அது. அங்கே விதையை விதைத்துவிட்டு, காய்கறித் தோட்டத்துக்குப் பாய்ச்சுவது போலக் காலால் தண்ணீர் பாய்ச்சினீர்கள். இந்த நாடோ மலையும் பள்ளத்தாக்குமாய், வானத்து மழையைக் குடித்து வாழும் நாடு. இதுவே அவர் சொன்னதன் கருத்து.

அதாவது, நைல் நதி பாயும் எகிப்து நஞ்சை. சர்வேசுரன் தம் ஜனங்களுக்கென்று தேர்ந்து வைத்திருந்த தேசமோ மானாவாரி! தஞ்சாவூர்க்காரர் இதைப் படித்தால் கொஞ்சம் யோசிப்பார். திருச்சுழிக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. நம் குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே அதிகம். ஐப்பசி கார்த்திகையில் மழை விழுந்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் வயல் விளையும். மழை பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்க வேண்டும், அல்லது பிள்ளைகளை அருப்புக்கோட்டை மில்லுக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏற்றிவிட வேண்டும். இப்படிப்பட்ட நாட்டையா ஆண்டவர் ஆசையோடு கொடுத்தார்? ஆம் என்கிறது அந்த அதிகாரம். வருஷத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை அந்த நாட்டின்மேல் அவருடைய கண் இருக்கிறதாம். வாய்க்கால் உள்ளவன் வாய்க்காலைப் பார்ப்பான். வாய்க்கால் இல்லாதவன் அண்ணாந்து பார்ப்பான்.

(அதே அதிகாரத்தில், ஜனங்கள் ஆண்டவரை விட்டு விலகினால் வானம் அடைபடும் என்ற எச்சரிப்பும் உண்டு. இதை வைத்துக்கொண்டு, மழை இல்லாத வருஷமெல்லாம் ஊரில் யார் செய்த பாவமோ என்று அக்கம்பக்கத்து வீட்டைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிதாவானவர் நல்லவர் மேலும் கெட்டவர் மேலும் ஒன்றுபோல் மழை பெய்விக்கிறார் என்று சேசுநாதர் சுவாமியே மலைப்பிரசங்கத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார். கண்மாய்க்கு வரும் ஓடையை மறித்து வேலி போட்டவன் மட்டும் தன் பாவத்தைப் பற்றி யோசிக்கட்டும்.)

இனி நம் காரியத்துக்கு வருவோம். மழையைப் பற்றிச் சொன்ன கையோடு, மோயீசன் வசனத்தைப் பற்றிப் பேசுகிறார். இந்த வார்த்தைகளை இருதயத்தில் பதித்து வையுங்கள். அடையாளமாகக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டு நிலையில் எழுதி வையுங்கள் என்கிறார். தினசரி வேதாகம வாசிப்புக்கு இதைவிடப் பழைய அத்தாட்சி வேண்டியதில்லை. மழையை நம்பி வாழும் நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அல்லவா அவர் இதைச் சொன்னார்? வானம் பார்த்து வாழ்கிற குடும்பம் வாசிக்கிற விதத்தில் வாசிக்க வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம் பக்கத்தில் புழுதி விதைப்பு என்று ஒன்று உண்டு. மழை வருமுன்பே நிலத்தை உழுது, காய்ந்த புழுதியில் விதையைத் தூவிவிடுவார்கள். பிறகு மழை வந்தால் விதை நிலத்தில் தயாராய் இருக்கும். விதைத்தவன் மறுநாள் காலையில் வந்து முளைத்ததா என்று தோண்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அந்த விதையும் கெட்டுப்போகும். அந்தத் தாயாரின் ஒரு வருஷம் அப்படிப்பட்ட விதைப்பாக இருக்கலாம். மகன் நாளைக்கு வேலைக்காக எங்கோ ஒரு நகரத்தில் தனியாய் இருக்கும்போது, அம்மா முன்னால் உட்கார்ந்து தான் வாசித்த ஒரு வாக்கியம் அவனுக்குள் முளைக்கலாம்.

இவ்வளவோடு நிறுத்தினால் அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்; ஆனால் அது பாதி உண்மைதான். புழுதி விதைப்பிலும் முதலில் உழவு உண்டு. உழாத தரையில் தூவினால் குருவிக்குத்தான் இரை. வசனம் வீட்டுக்குள் விழுவது ஒன்று. வசனத்துக்காக வீடு உழப்படுவது வேறொன்று. அந்த உழவு எப்படி இருக்கும் என்பதற்கு நம் சீமையிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒவ்வொரு பெப்ருவரி 4-ஆம் தேதியும் அதை ஞாபகப்படுத்திக்கொள்கிறோம், முழுவதையும் அல்ல.

சிறுவல்லி வீட்டில் வாசித்த சுவிசேஷம்

அர்ச். அருளானந்தர் 1647-ல் லிஸ்பன் நகரில் பிரபு குலத்தில் பிறந்து, 1673-ல் இந்தியா வந்து, பண்டாரசுவாமி கோலத்தில் நம் நாட்டைச் சுற்றினவர் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டு வதைக்கப்பட்டார். அவரோடு உபதேசியார்களும் வதைபட்டார்கள். கிழவன் சேதுபதி என்று பெயர் பெற்ற இரகுநாத சேதுபதி, இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து அவரை விட்டுவிட்டார். அருளானந்தர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே இருக்கச் சொன்னவர்களையெல்லாம் விட்டு, 1690-ல் மறுபடி வந்தார். திருச்சுழி உட்பட நம் வட்டாரமெல்லாம் அந்நாளில் சேதுபதியின் ஆளுகைக்குள் இருந்த மறவர் நாடே.

சிறுவல்லியின் தலைவர் தடியத்தேவர் தீராத நோயில் படுத்தார். வைத்தியமும் மற்றப் பரிகாரங்களும் பலிக்கவில்லை. கிறிஸ்துவர்களின் குருவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அருளானந்தர் உடனே தாம் போகவில்லை. உபதேசியார் ஒருவரை அனுப்பினார். அந்த உபதேசியார் நோயாளியின் பக்கத்தில் நின்று சுவிசேஷத்தை வாசித்தார். தேவர் சுகமடைந்தார் என்று அருளானந்தரின் சரித்திரத்தை எழுதினவர்கள் கூறுகிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வாசித்தவர் குருவானவர் அல்ல. அருளானந்தரின் பெயர் உலகமெல்லாம் தெரியும். 1853-ல் முத்திப்பேறு பட்டமும் 1947 ஜூன் 22-ல் அர்ச்சியசிஷ்டப் பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டன. ஆனால் சேதுபதியின் தடை இருந்த நாட்டில், ஒரு பாளையத் தலைவரின் வீட்டுக்குள் நடந்துபோய்ச் சுவிசேஷத்தை வாசித்த அந்த உபதேசியாருக்குத் திருநாள் இல்லை. மறவர் நாட்டில் விசுவாசத்தைத் தாங்கியவர்கள் இப்படிப்பட்டவர்களே. குருவானவர் ஒரு கிராமத்துக்கு வருஷத்தில் ஒரு தடவை வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் செபம் சொல்லுவித்தது, சாகிறவர் பக்கத்தில் இருந்தது, பிள்ளைகளுக்குக் கற்பித்தது எல்லாம் உபதேசியார்தான். பிற்காலத்தில் வீரமாமுனிவர் இவர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலை எழுதினார் என்றால், இவர்கள் கையில் எவ்வளவு ஒப்படைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். இராத்திரி உங்கள் வீட்டில் வாசகம் வாசிக்கிற பையனோ பெண்ணோ செய்கிறது அந்த உபதேசியாரின் வேலை. அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

சுகமடைந்த தேவர் ஞானஸ்நானம் கேட்டார். நம்மைப் போலக் கூப்பிய கை ஒன்றைக் காட்டிவிட்டு அவர் போகவில்லை. அவருக்கு மனைவியர் பலர். கிறிஸ்துவனாக வேண்டுமானால் ஒருத்தியோடு மட்டுமே வாழ வேண்டும் என்று அருளானந்தர் விளக்கினார். நாட்டு வழக்கம் அனுமதித்த காரியம். அந்தஸ்துக்கும் அரசியல் உறவுக்கும் வேண்டிய காரியம். இருந்தும் தேவர் சம்மதித்தார். 1693 ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு நெருங்கிய உறவினர். அவர் சேதுபதியிடம் போய் முறையிட்டார். ஜனவரி 8-ஆம் தேதி அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, 1693 பெப்ருவரி 4-ஆம் தேதி, விபூதிப் புதன்கிழமையன்று, தலை வெட்டுண்டு வேதசாட்சியானார்.

முந்தின நாள் அவர் தம் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். காகிதம் கிடைத்தது, மை கிடைக்கவில்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து மையாக்கி, குச்சியால் எழுதினாராம். கரி மூட்டத்தில் வேலை செய்கிறவர்கள் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதத்தின் ஞாபகம் வரும்.

யார் கணக்கில் எழுதுவது?

இந்தச் சரித்திரத்தில் ஒருத்தியை நாம் சீக்கிரம் கடந்துபோய்விடுகிறோம். முறையிடப் போனாளே, அந்த மனைவி. பிரசங்கங்களில் அவளை ஏரோதியாளுக்கு ஒப்பிட்டுவிடுவது வழக்கம். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பிரசங்கித்ததுண்டு. இப்போது எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. ஏரோதியாள் தன் புருஷனை விட்டு அவனுடைய சகோதரனிடம் போனவள். இந்தப் பெண்ணோ தன் நாட்டு முறைப்படி மணம் முடித்து ஒரு வீட்டுக்கு வந்தவள். தான் ஒரு குற்றமும் செய்யாமல், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கப்படாமல், ஒரு நாளில் அந்த வீட்டை இழந்தாள். விலக்கப்பட்டவர்களுக்கு மரியாதையோடு ஜீவனம் நடக்கத் தேவர் ஏற்பாடு செய்வதாக வாக்களித்தார் என்று சரித்திரம் சொல்லுகிறது. அது தர்மமே. ஆனாலும் அவளுடைய கண்ணீர் கண்ணீர்தான். அவள் கோபம் கொண்டது தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்தக் கோபத்தைக் கையில் எடுத்து ஒரு மனிதரைக் கொலைக்கு அனுப்பியவர்கள் செய்ததுதான் தப்பு.

தேவர் ஞானஸ்நானம் பெறாமல் இருந்திருக்க வேண்டுமா என்றால், இல்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்ற கற்பனை பெண்களின் மானத்தைக் காக்கவும் வந்த கற்பனை என்பதை நம் பாட்டிமார் அனுபவத்தில் அறிவார்கள். நான் சொல்ல வருவது வேறு. வசனம் ஒரு வீட்டை உழும்போது யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அந்த விலை நம் கணக்கில் எழுதப்படுகிறதா, அல்லது நம் பக்திக்காக வீட்டிலுள்ள வேறொருவர் கணக்கில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டியது நம் கடமை.

பெரிய உதாரணம் வேண்டாம். நேர்ச்சை செய்துகொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறோம், நல்லது. அத்தனை நாளும் ஆட்டையும் மாட்டையும் படுத்த மாமியாரையும் யார் தலையில் வைத்துவிட்டுப் போனோம்? தாயார் திருநாளுக்குத் தேர் ஜோடிக்கப் பணம் கொடுத்தோம்; மகளின் பரீட்சைக் கட்டணம் வட்டிக்கு வாங்கிக் கட்டப்பட்டது. தபசுகாலத்தில் நாற்பது நாள் குடிப்பதில்லை என்று ஒருவர் பிரதிக்கினை செய்கிறார். அந்த நாற்பது நாளும் வீட்டிலுள்ளவர்கள் அவர் சிடுசிடுப்பைச் சுமந்து நடக்கிறார்கள். பாஸ்குத் திருநாள் எப்போது வரும் என்று அவரைவிட அவர் மனைவி அதிகமாக ஏங்குகிறாள்!

வாசிக்கும் முறை

இப்போது நம் வீடுகளில் வாசிப்பதைப் பற்றிச் சில வார்த்தை. உங்களில் பெரியவர்களுக்கு இலத்தீன் பூசைக் காலம் ஞாபகமிருக்கும். அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருஷா வருஷம் அதே வாசகங்கள் திரும்பி வரும். வார நாட்களுக்கென்று தனி வாசகங்கள் பெரும்பாலும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969-ல் வெளியான புதிய ஒழுங்கின்படி, ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. வார நாட்களின் முதல் வாசகம் இரண்டு வருஷச் சுற்று. வார நாட்களின் சுவிசேஷம் வருஷந்தோறும் அதே ஒழுங்கு. ஆகவே இன்று திருச்சுழியில் நீங்கள் வாசிக்கிற அதே சுவிசேஷம் திருப்பூரில் இருக்கும் உங்கள் பிள்ளையின் பங்கிலும், கொழும்பிலும், ரோமையிலும் அன்று வாசிக்கப்படுகிறது. போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டபின் இன்றைக்கு என்ன வாசகம் என்றும் கேட்கலாம். அனுப்பிவிட்ட படத்தைவிட அது மேல்.

சுவிசேஷம் ஒன்றே போதும். இரண்டு தடவை வாசியுங்கள், இரண்டாம் தடவை மெதுவாக. பிறகு ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் எல்லாரும் சும்மா இருங்கள். குழந்தை அழுதால் அழட்டும். அதன்பின் யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்ய வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்லுகிறேன். ஏனென்றால் வீட்டு வாசிப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிள்ளைகள் தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய இடம் தகப்பன்மாருக்கு மனப்பாடமாய்த் தெரியும். அதற்கு மூன்று வசனம் தள்ளி, தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கோபமூட்டக் கூடாது என்று அதே சின்னப்பர் எழுதியிருக்கிறார். அந்த இடம் வருவதற்குள் பலருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. மாமியார் மருமகளுக்குரிய வசனத்தையும், மருமகள் மாமியாருக்குரிய வசனத்தையும் தேடினால் அது வாசிப்பு அல்ல, வழக்கு.

அவனவன் தன்னைக் குத்திய இடத்தைத் தன் மனதுக்குள் எடுத்துக்கொள்ளட்டும். நாளை இந்நேரத்துக்குள் இதற்காக நான் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் என்ன என்று கேட்கட்டும். பெரிய காரியம் வேண்டாம். மூட்டத்தில் வேலை செய்தவனுக்கு மூன்று வாரமாய் நிறுத்தி வைத்த கூலியாக இருக்கலாம். கொடாமல் வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அர்ச். யாகப்பர் எழுதியது வாசகத்தில் வரும் நாளில் அதைக் கொடுத்துவிடலாம். வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் நம் பங்கிலும் உண்டு என்பது இரகசியமல்ல. ஏழையிடம் அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு என்பது யாத்திராகமத்துச் சட்டம். போர்வைக்குப் பதில் ரேஷன் கார்டும் ஏ.டி.எம். அட்டையும் இன்று அடகில் இருக்கின்றன. செய்ய முடியாத நாள் வந்தால், இன்று முடியவில்லை ஆண்டவரே என்று இராத்திரி சொல்லிவிட்டு மறுநாள் சுவிசேஷத்தைத் திறவுங்கள். அதற்காக வாசிப்பதை விட்டுவிட வேண்டாம்.

ஒரு கிணறு, இரண்டு சகோதரர்

அந்தத் தாயாருக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்கக் காணோம் என்றார்களே, அதைப் பற்றி. நான் முன்பு இருந்த ஒரு பங்கில் நடந்தது இது. ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

அண்ணன் தம்பி இருவர். தகப்பனார் விட்டுப்போன கிணறு ஒன்று, இருவருக்கும் பொது. முறை வைத்துத்தான் இறைக்க வேண்டும். மும்முனை மின்சாரம் பகலில் கொஞ்ச நேரம், இராத்திரியில் கொஞ்ச நேரம் வரும். மூத்தவர் என்ற உரிமையில் அண்ணன் பகல் முறையை வைத்துக்கொண்டார். தம்பி இராத்திரியில் டார்ச் விளக்கோடு பாம்புக்கும் பயந்து தண்ணீர் கட்டினார். வாய்ச் சண்டையில் தொடங்கிப் பேச்சு நின்றுபோய் ஆறு வருஷம். கோயிலில் ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். இருவருமே நற்கருணை வாங்குவார்கள்.

தபசுகாலத்தின் முதல் வாரத்து வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்குப் போய், அண்ணன் வீட்டில் சிறு மகள் அன்றைய சுவிசேஷத்தை வாசித்தாள். மத்தேயு 5-ஆம் அதிகாரம்: பீடத்தில் காணிக்கை செலுத்தப் போகும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு என்று சேசுநாதர் கற்பித்த இடம். வாசித்து முடித்த சிறுமி, "சித்தப்பாவையா அப்பா?" என்று கேட்டுவிட்டாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

கவனியுங்கள், உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறார். ஆறு வருஷமாய் அந்த வசனத்தை அண்ணன் மாற்றியே கேட்டு வந்திருந்தார்.

மறுநாள் தம்பி வீட்டு வாசலுக்குப் போய், "இனிப் பகல் முறை உனக்கு" என்று சொல்லி, மோட்டார் அறைச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை எடுத்துக்கொண்டார், பகல் முறையையும் எடுத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து அண்ணன் என்னிடம் வந்தார், நல்ல கோபத்தோடு. "சாமி, வசனப்படி செய்தேன். இராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லாமல் தண்ணீர் கட்டுகிறேன். அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மிளகாய் வாடுகிறது. வசனம் பலிக்கவில்லையே?" எனக்கும் உடனே சொல்லப் பதில் இல்லை. ஆறு வருஷம் இராத்திரியில் தண்ணீர் கட்டியவருக்குப் பத்து நாள் போதுமா என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். ஆனால் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை.

பாஸ்கு வந்தது, போனது. பேச்சு இல்லை. ஆடி, ஆவணி போனது. அந்த வருஷம் மழை சுமார்தான். அண்ணன் வீட்டில் வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. அந்தச் சிறுமி விடவில்லை என்று கேள்விப்பட்டேன். கிறிஸ்துமஸ் அன்று அண்ணன் மனைவி ஒரு தூக்கில் அதிரசமும் முறுக்கும் வைத்து அதே சிறுமியின் கையில் சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். தம்பி மனைவி வாங்கி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் யாரும் வெளியே வரவில்லை. பிள்ளை வாசலிலேயே நின்றாள். பிறகு தம்பியே தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அவர் தோட்டத்துக் கொய்யாப்பழம் இருந்தது.